லோடு தாங்குமா?

பல் துலக்கிய ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே அவர் சார்ஜரிலிருந்து ஒரு பச்சை பேட்டரியை உருவுவார். அதிலுள்ள பட்டனை அமுக்கினால் நான்கு விளக்குகளும் எரியும். "ஃபுல்லா இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிவிட்டு, திரும்பவும் சார்ஜரிலேயே சொருகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இது நடக்கும். ஆனால் அந்த பேட்டரியை மாட்டி ஓட்டை போடுவதற்கான ட்ரில் வீட்டில் இல்லை. அதை மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். கிளம்பிய வேகத்தில் பேட்டரியை மறந்துவிட்டான்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்பில் எல்லோருக்கும் 'லிஃப்ட்காரர்'. ஆனால் லிஃப்டில் ஏற மாட்டார். மூட்டுவலியோடு மூன்று மாடியும் படியில்தான். கேட்டால், "உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்ல" என்பார். எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "லோடு தாங்குமா?" நாற்காலியை அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டார். கல்யாணத்துக்குப் போனால் மேடைக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மனைவி முழங்கையால் இடிப்பார்.

மகன் ஆபீஸ் வேலையை விட்டு மரவேலையில் இறங்கப்போவதாகச் சொன்னபோதும் அதே கேள்விதான். பதிலுக்கு அவன் ஒரு ஷெல்ஃப் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினான். தொழிலில் கூட்டுச் சேரவிருந்த நண்பர்களை அழைத்து வந்து காட்டினான். அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் எழுந்து போய், இரண்டு கைகளாலும் அதைப் பிடித்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கித் தொங்கினார். வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம். ஷெல்ஃப் காரையோடு பெயர்ந்து வந்தது. நண்பர்களில் ஒருவன் சிரித்துவிட்டான்.

"புத்தகம் வைக்கச் செஞ்சேன்ப்பா. நீங்க தொங்குறதுக்குச் செய்யல."

மகன் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். அம்மாவிடம் மட்டும் போனில் பேசுகிறான்.

கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் அந்த ஷெல்ஃபைத் தன் கையாலேயே திரும்ப மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கு. என்றைக்காவது அவன் வந்தால் அது சுவரில் இருக்க வேண்டும். அதனால் ட்ரில் வாங்கப் போனார்.

கடைக்காரர் கம்பெனிக்கு ஒரு நிறமாக வரிசையாக எடுத்து வைத்தார். "மஞ்சள் நல்லா உழைக்கும், ஆனா வெயிட்டு. வீட்டுக்கு நீலம் போதும். சிவப்பு வாங்கினா ரெண்டு பேட்டரி சும்மா தர்றான்."

"பச்சை?"

"பச்சையில பேட்டரி மாட்டுற இடத்தையே மாத்திட்டான் ஐயா. பழைய பேட்டரி புதுசுல ஏறாது. மேல ஒரே ஒரு பழைய பீஸ் கிடக்கு, வெறும் மெஷின். எதுக்கு அது?"

இவர் பையிலிருந்து பேட்டரியை எடுத்து வைத்தார். "என் பையனோடது. ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கம்பெனி இருந்தா மாத்தி மாத்திப் போட்டுக்கலாம்ல."

"அது சரிதான். கம்பெனி மாறினா ஒண்ணு இன்னொண்ணுல மாட்டாது. பையன் என்ன வெச்சிருக்காருன்னு ஒரு போன் போட்டுக் கேட்டுருங்களேன்."

போனை எடுத்தார். மகன் பெயர் வரைக்கும் விரல் போனது. "வேலையா இருப்பான்" என்று திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் பழைய ட்ரில்லில் பேட்டரியை மாட்டி ஒரு கட்டையில் வைத்து அழுத்தினார். கொஞ்ச நேரம் சுற்றி, முனகி, நின்றுபோனது.

"எப்பவும் சார்ஜர்லயே வெச்சிருந்தீங்களா?"

"ஆமா. அவன் எப்ப வந்து கேப்பான்னு தெரியாதே."

"அதான் செத்துக்கிட்டிருக்கு. சும்மா வைக்கிறதுன்னா பாதி சார்ஜ்ல கழட்டி வெச்சிரணும் ஐயா. ரொப்பிக்கிட்டே இருந்தா வீணாப்போயிரும். விடுங்க, சிவப்பை எடுத்துக்கங்க."

அவர் பச்சையைத்தான் எடுத்தார்.

பெட்டியைப் பார்த்ததும் மனைவியின் முகம் மாறியது. "ஏங்க, வாங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"ஏன்?"

"அவன் பச்சையெல்லாம் வித்துட்டானாம். பட்டறைக்குன்னு எல்லாமே மஞ்சளா வாங்கிட்டான். போன வருஷமே."

அவர் பெட்டியைப் பிரிப்பதை நிறுத்தவில்லை. "மஞ்சள் வெயிட்டாச்சே" என்றார். கொஞ்சம் கழித்து, "கை வலிக்கும் அவனுக்கு."

ஒரு ஓட்டை போடுவதற்குள் பேட்டரி படுத்துவிடும். சார்ஜ் ஏற்றி, காத்திருந்து, அடுத்த ஓட்டை. மதியம் முழுக்க அப்படியே போனது. மனைவி பலகையைத் தாங்கிப் பிடிக்க, கடைசி ஸ்க்ரூவை முடுக்கும்போது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் குறைந்திருந்தது.

"என்ன, தொங்கிப் பார்க்கலையா?" என்றார் மனைவி.

அவருடைய இரண்டு கைகளும் பழக்கத்தில் மேலே எழுந்தன. பலகையைத் தொடுவதற்கு முன்பே இறங்கிவிட்டன.

பேட்டரி மறுபடி சார்ஜரில் இருந்தது. அவர் பக்கத்திலேயே நின்றார். நான்கில் இரண்டாவது விளக்கு எரிந்ததும் அதைக் கழற்றி, இரண்டு கைகளாலும் கொண்டுபோய் ஷெல்ஃபின் நடுவில் வைத்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாக எடுத்தார்.