படத்துக்காகப் பரப்பிய கொழுந்து

இலங்கையில் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலை ஆலையில், தேயிலை பதப்படுத்துவதை மேற்பார்க்கும் டீமேக்கராக நான் இருந்தபோது, கொழுந்து தேயிலையாவதைப் படம் பிடிக்க ஒரு வெள்ளைக்காரர் கேமராவோடு வந்தார். ஆலைக்குள் வெளிச்சம் போதவில்லை என்றார். உடனே தோட்டத்தை நிர்வகித்த பெரிய துரை எல்லாவற்றையும் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். மாட்டு வண்டிகள் நிற்கும் முற்றம் அது. சாணத்தை வழித்துவிட்டுச் சாக்கு விரித்து, அரைத்த ஈரக் கொழுந்தை அதன்மேல் பரப்பினோம்.

சல்லடை அறைப் பெண்கள் ஆறு பேருக்கு வெள்ளைச் சேலை கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்களில் மூத்தவளுக்குத் தேயிலைத் தூசியால் ஓயாத இருமல். கேமரா ஓடும்போதெல்லாம் குனிந்து குனிந்து இருமினாள். வெள்ளைக்காரர் முகம் சுளித்தார். துரை என்னைப் பார்த்தார்.

நான் அவளிடம் போனேன். “நீ லயத்து வீட்டுக்குப் போம்மா.”

“அடக்கிக்கிறேங்க ஐயா. படத்துல வருவேன்னு மககிட்ட சொல்லிட்டு வந்தேன்.”

“சொன்னாக் கேளு. போ.”

விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ச் சேலையை மாற்றி, மடித்து என் கையில் கொடுத்தாள்.

அதே கொழுந்தைப் பின்னேரம் வரை அள்ளினார்கள், பரப்பினார்கள், மறுபடி அள்ளினார்கள். கேமராக்காரர் பூட்ஸ் காலோடு அதன்மேல் நின்றார். வண்டிக்காரனின் நாய் குறுக்கே ஓடியது. முடிந்தபோது கொழுந்து கறுத்து, கெட்டுப்போன பழங்கஞ்சி போல் நாறியது.

“இத கொட்டிறணுங்க தொரை” என்றேன்.

“காய வச்சு மத்ததோட கலந்து போடு.”

கலந்தேன்.

சில மாதங்கள் கழித்துக் கண்டியில் ஒரு மண்டபத்தில் அந்த ஊமைப் படத்தைக் காட்டினார்கள். மனைவியோடு போயிருந்தேன். எங்கள் முற்றம் திரையில் தெரிந்தபோது, இலங்கைத் தேயிலை போலச் சுத்தமானது உலகில் இல்லை என்று ஆங்கில எழுத்துகள் வந்தன. முன்வரிசையில் கை தட்டினார்கள்.

“இவ்வளவு சுத்தமாவா இருக்கு ஒங்க ஆலை?” என்று மனைவி கேட்டாள்.

நான் எழுந்துகொண்டேன். வெளியே போய்ச் சாக்கடைக் காணோரமாகத் துப்பிவிட்டு, அங்கேயே நின்றேன்.

அடுத்த வாரம் துரையிடம், இருமல்காரியை வெளி வேலைக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன்.

“படந்தான் முடிஞ்சிருச்சே, இனி அவ இருமினா ஒனக்கு என்னா?”

“சரிங்க தொரை” என்றேன்.

அவள் அந்தத் தூசியிலேயே இன்னும் இரண்டு வருடம் சலித்தாள். பிறகு படுத்தவள் எழும்பவில்லை.