லீவுக்கு வந்த மகள்

முப்பது வருஷம் கழித்து, கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கூடினோம். ஒவ்வொருவராக மைக் வாங்கி, வேலையையும் குடும்பத்தையும் பற்றிச் சொன்னார்கள். எல்லோருடைய பிள்ளைகளும் அமெரிக்கா, லண்டன் என்று இருந்தார்கள். என் முறை வந்ததும், "பேங்க்ல வேலை. ஒரே பொண்ணு, மாப்பிள்ளையோட சிங்கப்பூர்ல இருக்கா" என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள்.

உண்மையில் விவாகரத்தாகி, என் மகள் கடலூரில் என்னோடுதான் இருக்கிறாள். அன்று என்னை ஸ்கூட்டரில் அழைத்து வந்தவளும் அவள்தான். "நீ போய் பேசிட்டு வாம்மா" என்று மண்டப வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அங்கேயும் ஸ்பீக்கர் கட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில், நான் ஸ்கூட்டரிலேயே மறந்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரையோடு உள்ளே வந்தாள். பக்கத்திலிருந்த பரங்கிப்பேட்டைத் தோழி, "யாருடி, உம் பொண்ணா? சிங்கப்பூர்ல இருக்கான்னியே?" என்றாள்.

"ஆமா ஆன்ட்டி, லீவுக்கு வந்திருக்கேன்" என்று மகள் சிரித்தாள். மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துத் தண்ணீரையும் நீட்டினாள்.

திரும்பும்போது, "காத்து ஜாஸ்தியா இருக்கு, நல்லா புடிச்சுக்கோம்மா" என்று மட்டும் சொன்னாள். அவளை மறைக்க நான் பொய் சொன்னேன். என்னைக் காப்பாற்ற அவளும் சொன்னாள்.

மறுநாள் வாட்ஸ்அப் குரூப்பில் நாங்கள் இருவரும் நிற்கும் போட்டோ வந்தது. அதன் கீழே எழுதினேன்: "என் மகள். லீவுக்கு வரவில்லை. என்னோடுதான் இருக்கிறாள்."