பி.அ. என்ற இரண்டு எழுத்துகள்

2010ஆம் ஆண்டு நாட்குறிப்பின் ஒரு பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "பி.அ. காலையில் பாஸ்போட் அலுவலாகப் போனார். வரும்போது லா சப்பல் கடைத்தெருவில் மகனுக்குச் சப்பாத்து வாங்கி வந்தார். நீலம். அளவு சரி." பி.அ. என்றால் பிள்ளைகளின் அப்பா. கணவரின் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. நேரில் 'இஞ்சாருங்கோ', பிறரிடம் 'பிள்ளையளின்ரை அப்பா', மகள் பிறந்த நாளிலிருந்து நாட்குறிப்பில் இந்த இரண்டு எழுத்துகள்.

எங்கள் திருமணத்துக்கு முன்பே பலேர்மோவில் பல ஆண்டுகள் வேலை செய்து இத்தாலியக் குடியுரிமை பெற்றவர் அவர். நான் பாரிசில் அகதி அட்டையோடு இருந்தவள். பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்தார்கள். தகப்பன் இத்தாலியர் என்றால் பிள்ளைகளும் இத்தாலியர்கள்தான்; பிறப்பை இத்தாலியத் துணைத்தூதரகத்தில் பதிய வேண்டும், அவ்வளவே. அதைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பார். "அதெல்லாம் எப்பவோ பதிஞ்சாச்சு. உம்மை விசா அட்டை குடுக்கிற பிறெபெக்தூர் கந்தோரிலை வேலைக்கு வைச்சா இந்த நாட்டிலை ஒரு கியூவும் இராது." எனக்கும் சிரிப்பு வரும். 'பதிந்தாயிற்று' என்று குறித்துக்கொள்வேன்.

2016இல் லண்டனில் என் அக்கா மருத்துவமனையில் இருந்தார். பிள்ளைகளை ஒருமுறை பார்க்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு விசா எடுத்தேன். பிள்ளைகள் இத்தாலியர்கள்தானே என்று அவர்களுக்குக் கேட்கவில்லை. பாஸ்போட் எடுத்தால் போதுமென்று நினைத்தேன். பி.அ. தனக்கு வேலை என்றார். பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு நானே துணைத்தூதரகத்துக்குப் போனேன். தகப்பனின் பெயர் என்னவென்று அங்கிருந்த பெண் கேட்டபோது, வழக்கம்போல மகளைச் சொல்ல வைத்தேன். அந்தப் பெண் கணினியில் நெடுநேரம் தேடினாள். இந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவர் மணமாகாதவர், பிள்ளைகள் இல்லை என்றாள். நான் நம்பாததைக் கண்டு திரையைத் திருப்பிக் காட்டினாள். பாஸ்போட் புதுப்பிக்க அவர் கொடுத்த படிவம். வயது வராத பிள்ளைகள் உண்டா என்ற கேள்விக்கு நேரே, 'இல்லை'.

"அம்மா, இது அப்பான்ரை கையெழுத்தெல்லோ?" என்றாள் மகள்.

வீட்டில் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. அப்போது தன் தம்பியின் கல்யாணத்துக்கு லண்டன் போக அவசரமாம். பிள்ளைகள் உண்டென்றால் தாயின் கையெழுத்து வேண்டும், அதற்கு முன் கல்யாணம், பிறப்பு எல்லாம் பதிய வேண்டும். "ஆறு மாசம் இழுபடும் எண்டாங்கள். ஒரு பெட்டியிலை புள்ளடி போட்டதுதானே."

"பெட்டியில்லை. ரெண்டு பிள்ளையள். எழுதேக்கை கை கூசேல்லையோ?"

அதைக்கூட மன்னித்திருப்பேன். நாளைக்கே என்னோடு வந்து உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "பொய் எழுதினதெண்டு என்ரை பாஸ்போட்டைப் பறிச்சா? அதுகள் இஞ்சை பிறந்ததுகள், பதின்மூண்டு வயசிலை பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கலாம். நான் இந்த வயசிலை எங்கை போறது?" என்றார். நான்கு நாள் கேட்டேன். நான்கு நாளும் அதே பதில்.

பிள்ளைகளிடம் எந்த நாட்டுப் பாஸ்போட்டும் இல்லை, விசா கேட்க நேரமும் இல்லை. லண்டனுக்குத் தனியாகப் போனேன். அக்கா என் முதுகுக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். "பிள்ளையள் எங்கை?" "சோதினை அக்கா, அடுத்தமுறை கூட்டிக்கொண்டு வாறன்." அந்த வயதில் அவர்களுக்கு என்ன பரீட்சை? அடுத்தமுறை நான் போனது அக்காவின் செத்தவீட்டுக்கு.

திரும்பி வந்து அந்த 2010ஆம் ஆண்டு நாட்குறிப்பை எடுத்தேன். படிவத்தின் அடியிலிருந்த தேதி மனதில் இருந்தது. அதே நாள். பிள்ளைகள் இல்லையென்று கையெழுத்து வைத்துவிட்டு, நேரே லா சப்பலுக்கு வந்து, நடக்கத் தொடங்கியிருந்த மகனின் கால் அளவைச் சரியாகச் சொல்லிச் சப்பாத்து வாங்கியிருக்கிறார். 'அளவு சரி' என்பதை அடிக்க மனம் வரவில்லை. அது உண்மை.

இப்போது பிள்ளைகள் இருவரும் பிரெஞ்சுக் குடிமக்கள். பாரிசில், மார்க்ஸ் டோர்மோய் வீட்டில் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கிறோம். இன்னமும் 'இஞ்சாருங்கோ' என்றுதான் கூப்பிடுகிறேன். நேற்றும் மகனுக்குச் சப்பாத்து வாங்கி வந்தார், அளவு சரிதான். நாட்குறிப்பில் எழுதினேன். பி.அ. என்று இல்லை. அந்தப் படிவத்தில் இருந்ததுபோல, குடும்பப் பெயர் முதலில் வர, முழுப் பெயர்.