கோட்டுப் போட்ட வீட்டுக்காரர்

இன்று காலை ஃபோனில் ஒரு படம் பார்த்தேன். யாரோ ஒரு பெண் எடுத்தது. வறண்ட ஏரிக்குள் ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு புடவை. ஆள் இல்லை. ஆனாலும் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வேண்டுமென்றே அப்படி வைத்து எடுப்பாராம். எதற்கென்று சொல்லமாட்டாராம்.

அதற்குப் பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் லாரி டிரைவர். லைசென்ஸை விட்டால் வேறு படம் கிடையாது. அவர் போனதும் ஸ்டுடியோக்காரர் அதிலிருந்து முகத்தை மட்டும் எடுத்து, நீலக் கோட்டும் டையும் மாட்டி, பெரிதாக்கிக் கொடுத்தார். யாரோ ஒரு பேங்க் மேனேஜருக்குப் பூ வைப்பது போலத்தான் தினமும் வைக்கிறேன்.

மத்தியானம் அவருடைய காக்கிச் சட்டையை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாட்டினேன். வலது கையை வெளியே தொங்கவிட்டேன். வண்டியிலும் வீட்டிலும் அவர் கை அப்படித்தான் கிடக்கும்.

நாத்தனார் வந்தாள்.

“ஏனுங்க அண்ணி, சோளக்காட்டுப் பொம்மையா கட்டறீங்க?”

“இல்ல சாமி, ஒரு போட்டோ எடுக்கறேன்.”

எடுத்ததும் ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

“அண்ணன் டீ கேக்கறாப்பலயே இருக்குதுங்க” என்றாள்.

நாளைக்கு வருசத் திதி. முகமே இல்லாத படத்துக்கு மாலை போட்டால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் அந்தக் கோட்டுக்காரரோடு நான் ஒரு நாளும் குடும்பம் நடத்தவில்லையே. மாலையை யாருக்குப் போடட்டும்? நீங்களே சொல்லுங்கள்.