ஹார்ன் பட்டன் சொல்லும் குணம்

நான் படித்தது அஞ்சாவது. ஆனால் ஓசூரில் எந்த பைக்கை என் ஷெட்டில் நிறுத்தினாலும் ஓட்டுகிறவன் குணத்தைச் சொல்லிவிடுவேன். டயரைப் பார்க்க மாட்டேன், ஹார்ன் பட்டனைப் பார்ப்பேன். சாந்தமானவன் வண்டியில் பட்டன் மேல் இருக்கிற படம் அழியாது. கோபக்காரன் பட்டன் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும்.

பாகலூர் மஞ்சு ஒரே வருஷத்தில் மூன்று ஹார்ன் ஸ்விட்ச் மாற்றியவன். கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர். ஒருநாள் காலையில் முகம் வெளுத்து வந்தான். முந்தின நாள் கம்பெனி கேட்டில் குறுக்கே நின்ற ஒருத்தனை ஹார்ன் அடித்து விரட்டி, சட்டையையும் பிடித்திருக்கிறான். இன்னொரு சண்டை போட்டால் வேலை இல்லை என்று எழுதி வாங்கிவிட்டார்களாம்.

"அண்ணா, நல்ல சத்தமா ஒரு ஹார்ன் போடுங்க. அடிச்சதும் அவனவன் ஒதுங்கிட்டா நான் எதுக்குச் சண்டைக்குப் போறேன்?"

"டீ குடிச்சிட்டு வா" என்றேன்.

பழைய மொபெட் ஹார்ன் ஒன்று கிடந்தது. அதை மாட்டினேன். ஷிப்டுக்கு நேரமாச்சு என்று அடித்துப் பார்க்காமலே பறந்துவிட்டான்.

சாயங்காலம் வந்து நின்றான்.

"என்னாணா பண்ணி வெச்சிருக்கீங்க? அடிச்சா 'ம்மே'ங்குது. சிக்னல்ல ஆட்டோக்காரர் கன்னடத்துல 'ஏனப்பா, மேக்கெ மரி தந்தித்தீயா'ங்கறாரு. ஆட்டுக்குட்டி கொண்டாந்திருக்கியான்னு கேக்கறாரு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்றது, எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

"கேட்ல?"

"அதே ஆளு குறுக்க நின்னான். அடிச்சேன். திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டே வழி விட்டான். என் பேரை எழுத நோட்டை எடுத்த செக்யூரிட்டி மூடி வெச்சிட்டாரு."

"வேற மாத்திரவா?"

"இருக்கட்டும்ணா."

கிளம்பும்போது என் வண்டியைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணா, உங்க பட்டன்ல படத்தையே காணோம்?"

"வெயில்ல அழிஞ்சிருக்கும்."

"ஷெட்டுக்குள்ளதானே நிக்குது?"

முப்பது வருஷத் தொழிலில் என்னை மடக்கிய கஸ்டமர் அவன் ஒருத்தன்தான். மெக்கானிக் வேலைக்கு வருகிற தம்பிகள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் செக்கிங் சொந்த வண்டியில் பண்ண வேண்டும். நான் பண்ணினேன். எனக்கும் அதே மாதிரி ஒன்று தேடி மாட்டிக்கொண்டேன். மஞ்சுவின் ஆட்டைவிட என் ஆடு சுத்தமாகக் கத்தும். என் வேலை அப்படி.