குளிர்பானப் பெட்டியின் மேல்தட்டு

1986 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்தேன். மின்கெண்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊசிக்குழாயைச் சுத்தம் செய்தேன். குளித்துவிட்டு வந்து சாமிப் படங்களின் முன் விளக்கேற்றினேன். அதே பலகையில், விளக்குக்கு ஒரு சாண் தள்ளி இருந்த இன்சுலின் புட்டியை எடுத்து உள்ளங்கையில் உருட்டி, அளவு பார்த்துத் தொடையில் போட்டுக்கொண்டேன். பிரிக்காத இரண்டு புட்டிகளும் அங்கேயேதான் இருந்தன. என் அறையில் அதைவிடச் சுத்தமான இடம் கிடையாது.

அறை மலேசியாவின் கிள்ளானில் ஒரு கடைவீட்டின் மாடியில், தகரக் கூரைக்கு நேர்கீழே இருந்தது. மனைவி காலமான பிறகு வாடகை வீட்டை விட்டு அங்கே வந்திருந்தேன். பிரிட்ஜ் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. மின்கெண்டியையே முணுமுணுத்துக்கொண்டுதான் அனுமதித்திருந்தார். எனக்குத் துறைமுகத்தில் சரக்குக் கணக்கெடுக்கும் கிராணி வேலை. அன்று கிளினிக்குக்குப் போக வேண்டியிருந்ததால் விடுப்பு எடுத்திருந்தேன்.

இடது காலின் சுண்டுவிரலைச் சப்பாத்து கடித்துப் புண்ணாகி வாரக்கணக்காக ஆறாமல் இருந்தது. டாக்டர் இரண்டு முறை ஊசியின் அளவைக் கூட்டியும் இனிப்பு நீர் குறையவில்லை. நான் மறைத்து எதையோ சாப்பிடுகிறேன் என்று அவர் நினைத்தார். அடுத்த முறைக்குள் புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரலாம் என்று அன்று காலையில் சொல்லிவிட்டார். சர்க்கரையை நிறுத்தி வருடமாகிவிட்டது என்று நான் சொன்னதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

கட்டுப் போடும் அறையில் ஒரு மிஸ்ஸி இருந்தார். தாதிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். புண்ணைக் கழுவிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"வீட்டுல யாருண்ணே சமைக்கிறா?"

"யாரும் இல்ல மிஸ்ஸி. ராத்திரிக்குக் கீழ பாய் கடையில சாப்பிடுவேன்."

"காலையில?"

"ஊசி போட்டுட்டு நேரா வேலைக்கு. பத்து மணிக்குத்தான் கேன்டீன்."

அவர் கை நின்றுவிட்டது. "இவ்வளவு மருந்தப் போட்டுட்டு பட்டினியாவா போறீங்க? மயக்கம் வரல?"

"ஒரு நாளும் வந்ததில்ல."

"வரணும்ண்ணே! வரலன்னா மருந்து வேலை செய்யலன்னு அர்த்தம். எங்க வச்சிருக்கீங்க அத?"

"சாமி மேடையில."

"விளக்கு ஏத்துவீங்களா?"

"ரெண்டு வேளையும்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "தலைக்கு மேல தகரம், பக்கத்துல விளக்கு. சாமி கும்பிட்டுக்கிட்டே மருந்த அவிச்சு எடுத்திருக்கீங்க!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளில் 'எங்கே வைக்கிறீர்கள்' என்று என்னை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவர் டாக்டரின் அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அளவு குறைக்கப்பட்டது, புதுப் புட்டிகள் எழுதப்பட்டன. அவற்றை எங்கே வைப்பது என்பதுதான் மிச்சம்.

"பாய் கடையில பிரிட்ஜ் இருக்கும்ல?"

நான் குரலைத் தாழ்த்தினேன். "மருந்து அட்டையிலயே போட்டிருக்கே மிஸ்ஸி. இது பன்றியிலேர்ந்து எடுத்த மருந்து. அவர்கிட்ட எப்படிக் கேக்கிறது?"

"மாட்டுலேர்ந்து எடுத்ததும் இருக்கு. அத வாங்கித் தரவா?"

"அத என்னால போட்டுக்க முடியாது."

"நல்லாருக்கு போங்க. உங்க விரலக் காப்பாத்த வந்த மருந்துக்கு ஊர்ல ஒதுங்க இடமில்ல." கட்டின் முனையை ஒட்டினார். "சொல்லாம மட்டும் வச்சிடாதீங்க. சொல்லித்தான் கேக்கணும். ரெண்டு மணிக்கு டூட்டி முடியுது. பண்டமாரான் பஸ் பிடிக்க அந்தப் பக்கந்தான் வருவேன். நானும் வந்து கேக்கிறேன்."

வருவார் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் கிளினிக்குக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி தாண்டியதும் கைப்பையோடும், புட்டிகளை ஐஸில் வைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பையோடும் வந்துவிட்டார்.

பாய் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து கடை போட்டவர். மதியக் கூட்டம் ஓய்ந்து கல்லாவில் உட்கார்ந்திருந்தார். மிஸ்ஸி என் காலைக் காட்டி, விரல் போகும் நிலையைச் சொன்னார். மருந்து எதிலிருந்து எடுத்தது என்பதை நானே சொன்னேன். அதை அவர் சொல்லி நான் தலைகுனிந்து நிற்பது முறையாகாது என்று பட்டது.

பாய் கல்லாவை மூடிவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு சொன்னார். "உயிரக் காக்குற மருந்துக்கு எங்க மார்க்கத்துல விலக்கு இருக்குண்ணே. எனக்கு அதுல ஒண்ணுமில்ல. ஆனா உள்ள பிரிட்ஜுல கறி மீனெல்லாம் இருக்கு. சாப்பிட வர்றவங்களுக்கு நான் ஜவாப் சொல்லணும்ல?"

"ஆமா பாய். தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்று கிளம்பப் பார்த்தேன்.

"உக்காருங்க. இன்னும் சாப்பிடவே இல்ல, அதுக்குள்ள எங்க?" வாசலில் நின்ற குளிர்பானப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக் கதவு போட்டது. மூடிய போத்தல்கள் மட்டுமே உள்ளே. "அதுல திறந்த சாமான் எதுவும் வைக்கிறதில்ல. மேல்தட்டக் காலி பண்ணித் தரேன். மூடி போட்ட டப்பாவா எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களே வைங்க, நீங்களே எடுங்க."

மிஸ்ஸி பெட்டிக்குள் கையை விட்டுக் குளிரைப் பார்த்துவிட்டு, போதும் என்றார். அதோடு விடவில்லை. "பாய், இனிமே மருந்து நெசமாவே வேலை செய்யும். ஊசி போட்ட அரைமணிக்குள்ள இவரு சாப்பிடலன்னா மயங்கி விழுவாரு. காலையில எப்பக் கடை திறப்பீங்க?"

"விடிகாலை சுபுஹு தொழுதுட்டு வந்ததும் தோசைக்கல்லு காய ஆரம்பிச்சிடும்."

"ரெண்டு தோசை, பருப்பு. தேத்தண்ணிக்குச் சீனியும் கூடாது, டின்பாலும் கூடாது."

தேத்தண்ணீர் ஆற்றுபவர் குவளையைத் தூக்கியபடியே கத்தினார். "அண்ணனுக்கு இன்னிலேர்ந்து எல்லாமே கோசோங்கா, ஒண்ணும் போடாத வெறுந்தண்ணியா? பாவம்லா!"

"நீ ஊத்துறதும் பாதி தண்ணிதான். பேசாம இரு," என்றார் பாய்.

மிஸ்ஸியை ஒரு குவளை குடித்துவிட்டுப் போகச் சொன்னோம். பஸ் போய்விடும் என்று ஓடிவிட்டார். முறையாக நன்றி சொல்லக்கூட நேரம் தரவில்லை.

அந்தச் சுண்டுவிரல் இன்றும் என் காலில் இருக்கிறது. ஆறிய இடம் கொஞ்சம் வெளுத்துத் தெரியும். மருந்து எழுதித் தந்த டாக்டரையும் நான் மறக்கவில்லை. ஆனால் அந்த மருந்து என் உடம்பில் சேரும்படி செய்தவர்கள், யார் சமைப்பது என்று கேட்ட அந்தப் பெண்ணும், யோசித்து ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்த அந்த மனிதரும்தான். என் நோய்க்கு எது தேவை என்று நானே அறியாதபோது அவர்கள் அறிந்திருந்தார்கள். இருவருக்கும் நான் கடமைப்பட்டவன்.

மறுநாள் காலை எழுந்து ஊசிக்குழாயைக் கொதிக்க வைத்து எடுத்துக்கொண்டு, முதலில் படியிறங்கிக் கடைக்குப் போனேன். பெட்டியின் மேல்தட்டிலிருந்து டப்பாவை எடுத்தேன். அரிசி மூட்டைகள் அடுக்கிய பின்கட்டில் பாய் ஒரு ஸ்டூல் போட்டு, விளக்கும் போட்டு வைத்திருந்தார். ஊசி போட்டு முடித்துக் கைலியை இறக்கிவிடும்போது, தோசைக்கல் பக்கமிருந்து அவர் குரல் வந்தது.

"ஆச்சாண்ணே? ஊத்தவா?"

"ஊத்துங்க பாய்," என்றேன்.