வெளியே கொடுக்கப்படாத நூல்

உசாத்துணைப் பகுதியில் உள்ள நூல்கள் வெளியே கொடுக்கப்படமாட்டா. ஆயினும் நோய் காரணமாக வர இயலாத வாசகருக்கு, பிரதேச சபைச் செயலாளரின் எழுத்துமூல அனுமதியுடன், ஒரு நூலை ஏழு நாட்களுக்கு வழங்கலாம். விண்ணப்பத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். எங்கள் பிரதேச நூலகத்தின் விதி இது. ஆயுளின் பெரும்பகுதியைக் கந்தோரில் கோப்புகளோடு கழித்தவன், பதினான்கு நாட்கள் என்பதைப் படித்ததும் சிரித்திருக்க வேண்டும். நான் நம்பினேன்.

நூல், பல சமயங்களையும் விளக்கும் தடித்த புத்தகம். கேட்டவர் கரம்பொனில் என் பக்கத்து வளவுக்காரர், கத்தோலிக்கர். நயினாதீவுக்குப் படகோட்டியவர். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களையும் புத்த விகாரைக்குப் போகிறவர்களையும் ஒரே படகில் ஏற்றிச் சென்று இறக்கிவிட்டு, தான் கரையிலேயே காத்திருப்பார். கண் நரம்பு பழுதாகிவிட்டது, சோளகக் காற்று ஓயும் செப்டெம்பர்வரை பார்வை நின்றால் பெரிது என்று டொக்டர் சொன்ன பிறகுதான் அவருக்கு அந்த ஆசை வந்தது.

"உவ்வளவு சனத்தையும் ஏத்தி இறக்கினனான். என்னத்துக்குப் போகுதுகள் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை," என்றார். "கண் தெரியேக்கை நானே வாசிச்சுப் பாக்க வேணும்."

ஜூன் முதல் வாரம் விண்ணப்பத்தை நானே எழுதினேன். மருத்துவச் சான்றிதழின் பிரதியும் இணைத்தேன். நூலகத்தில் வேலை செய்யும் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "ஐயா, புத்தகத்தைப் பையுக்குள்ளை வைச்சுக்கொண்டு போங்கோ. நான் காணேல்லை," என்றாள்.

"நீர் காணாட்டிலும் விதி இருக்குத்தானே, பிள்ளை," என்றேன். அன்று அந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினைந்தாம் நாள் நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு இன்னொன்று. குறிப்பெடுப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு காலையும் நூலகத்தில் இருந்து, பெரிய எழுத்தில் கொப்பியில் பிரதி பண்ணினேன். பின்னேரம் அவர் கொப்பியை முகத்தோடு ஒட்டி வைத்து வாசித்தார்.

பௌத்தம் முடிந்து சைவத்துக்கு வந்தபோது, "உம்மடை சமயத்திலை இவ்வளவு கிடக்கே? நீர் ஒருநாளும் சொல்லேல்லை," என்றார்.

"எனக்கும் இப்பதான் தெரியும்."

அவர் மனைவி தேத்தண்ணீரை வைத்தார். "கெதியா எழுதி முடியுங்கோ, அண்ணை. மனிசன் செபமாலை நேரத்திலையும் கொப்பியோடைதான்."

இஸ்லாம் பற்றிய பகுதியில் ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான் எழுத முடிந்தது. எழுத்து அவ்வளவு பெரிதாகிவிட்டது. தன் சமயத்தை அவர் கடைசிக்கு வைத்திருந்தார். அதற்குள் அவர் கண்ணுக்கு வரிகள் முழுதும் மறைந்துவிட்டன. நான்தான் வாசித்துக் காட்டினேன்.

"பிழை," என்றார் இடையில். "எங்கடை பூசையைப் பற்றியே பிழையா எழுதியிருக்கினம். அப்ப மற்றதுகளை எப்படி நம்புறது?"

"சரியானதை நீர் சொல்லும். திருத்துவம்."

அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். பக்கம் நிரம்பிய பிறகுதான் கவனித்தேன், என் கையெழுத்து பழையபடி சிறிதாகியிருந்தது. அன்றே நூலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயிருக்கலாம்.

நூலை ஏழு நாட்களுக்கு எடுத்துச்செல்ல அனுமதி அளிக்கும் கடிதம் ஒக்டோபர் மாதம் ஒன்பதாம் திகதி வந்தது.